பதினோரு விநாடி

"அந்தப் படத்தைப் பதினாலு தடவை பாத்துட்டேன்மா," என்றபடி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் பெரியவர். நபீசாவின் சினிமா விமர்சனம் வந்திருந்த பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

அந்தச் சைகோன் உணவகத்தில் நபீசா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். வியட்நாம் போர் முடிந்த முப்பதாவது வருடத்துக்காகக் கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம். ஊரே கொண்டாடியபோது, 'சரித்திரம் தெரியாத படம்' என்று எழுதியவள் அவள் ஒருத்திதான். ஒரு மாதமாக ரசிகர்கள் அவளைத் திட்டாத நாளில்லை.

"என் பேரு பழனியப்பன். மாரியம்மன் கோயில் பக்கந்தான் வீடு. போர் முடிஞ்ச அந்த வருசம் நான் இங்கதான் இருந்தேன். நீங்க எழுதுனதுக்கு மேலயும் அதுல தப்பு இருக்கு."

நபீசாவுக்கு மூச்சு வந்தது. "சொல்லுங்க ஐயா."

"போர் முடிஞ்சப்புறம் ஒரு வீட்டைக் காட்டுறாக. செவரு பூராம் போட்டோ. அமெரிக்கன் ஆபீஸ்ல வேல பாத்தவ வீட்டுல, அந்த வருசம் எவன் போட்டோ மாட்டி வச்சிருந்தான்? புது அரசாங்கத்துக்குப் பயந்துபோயி எல்லாத்தையும் அடுப்புல போட்டோம். நானும் ஒண்ணு விடாம போட்டேன்."

அவள் குறித்துக்கொண்டாள். "கப்பல் ஏற ஜனங்க முட்டி மோதுற பழைய செய்திப்படத் துண்டைக் கவனிச்சீங்களா? சைகோன் துறைமுகம்னு காட்டுனாங்க. அது வேற ஊரு, வுங் டாவ்."

"வுங் டாவ்தான். சரியா எழுதியிருக்கீக. அந்தக் கப்பல்ல ஏறுனவுக ஒருத்தரும் கரை சேரலை."

அதையும் குறித்துக்கொண்டாள். "நான் எழுதினதைப் படிச்சிட்டு டைரக்டரே போன் பண்ணாரு. அந்தப் பதினோரு விநாடிக் காட்சியையும் நேத்தோட எல்லாத் தியேட்டர்லயும் வெட்டிட்டாங்க." சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. எழுத்துக்கு இத்தனை பலன் கிடைப்பது அபூர்வம்.

பெரியவர் பத்திரிகையை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டார்.

"காலையில போனேன். அதக் காணோம்."

"இனிமே யாரும் குறை சொல்ல முடியாதுல்ல?"

அவர் தலை நிமிரவில்லை. "அதைத் திரும்பச் சேக்கச் சொல்லி எழுதுவீகளாம்மா?"

"தப்பான காட்சியையா? எதுக்கு ஐயா?"

"அந்தக் கூட்டத்துல எம் பொண்டாட்டி நிக்கிறா."