பல்வானுக்கு ஒண்ணுமில்லை

"இங்கேதான் டாக்டர், வாலுக்கு அடியில! கறுப்பா, இத்தனை நீளத்துக்கு வெளியே வந்துச்சு!"

ஹோசியத் ஓப்பா, அதாவது ஹோசியத் அக்கா, விரலை விரித்து அளவு காட்டினாள். சமர்க்கண்டின் அந்தச் சின்னக் கால்நடை மருத்துவமனையில், வாசல்வரை காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பூனையோடு வந்திருந்த இளம்பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஓப்பாவின் புருஷன் எர்காஷ் அகா, அதாவது எர்காஷ் அண்ணன், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். சந்தையில் தந்தூர் ரொட்டி சுடுகிறவர். மடியில் ரொட்டிக் கூடை. கூடைக்குள் ஆமை. பேர் பல்வான்.

"மெதுவாப் பேசேன். ஊரே கேக்குது."

"கேக்கட்டும்! பல்வானுக்குக் குடல் சரிஞ்சுடுச்சோன்னு நான் பதறிக்கிட்டு இருக்கேன். இவருக்கு மானம் போகுதாம்!"

டாக்டர் ஸர்தோர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஆமையைத் தூக்கி, மெல்லப் புரட்டிப் பார்த்தார். அது நாலு காலையும் காற்றில் துழாவியது.

"எப்போ வந்துச்சு, ஓப்பா?"

"நேத்து மதியம். வெதுவெதுன்னு இருந்த தண்ணியில உக்கார வெச்சேன். திடீர்னு எட்டிப் பார்த்துச்சு. நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு."

"எவ்வளவு நேரம் வெளியே இருந்துச்சு?"

"தேநீர் கொதிக்கிற நேரம்கூட இல்லை. உள்ளே போயிடுச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"குடலும் இல்லை, கட்டியும் இல்லை. பல்வான் ஆம்பளை. வால் எவ்வளவு நீளமா, தடியா இருக்கு பாருங்க! பொட்டைக்கு இப்படி இருக்காது. அந்த வாலுக்குள்ளதான் தன்னோட உறுப்பை மடிச்சு வெச்சிருக்கும். தண்ணியில விட்டா, வெளிக்கு இருந்தா, சில சமயம் வெளியே வரும். கறுப்பாத்தான் இருக்கும். உடம்புக்குப் பெருசாத்தான் தெரியும். தானாவே உள்ளே போயிட்டா கவலையே வேண்டாம்."

எர்காஷ் அகா சட்டென்று எழுந்தார். "கேட்டியா? வா, போகலாம்."

ஓப்பா அசையவில்லை.

"எப்போ கவலைப்படணும், டாக்டர்?"

"ஒரு மணி நேரமாகியும் உள்ளே போகலைன்னா. இல்லை, வீங்கினா, காஞ்சுபோனா, ரத்தம் வந்தா. ஈரத்துணி சுத்தி உடனே கொண்டு வாங்க. நீங்களாப் பிடிச்சு இழுக்கக் கூடாது."

"மூத்திரம் போக முக்கினா?"

"பையில கல் இருக்கலாம். படம் எடுத்துப் பார்க்கணும்."

"முக்கிக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டா?"

"அடைச்சுக்கும். அப்புறம் சிறுநீரகமே கெட்டுடும்."

"ஆம்பளைன்னு வெக்கப்பட்டு மறைச்சு வெச்சுக்கிட்டா?"

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "ஓப்பா, ஆமை எதுக்கு வெக்கப்படப் போகுது?"

"சும்மா சொல்லுங்களேன், தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இவருக்குக் காது மந்தம்."

"எனக்கா காது மந்தம்?" என்றார் எர்காஷ் அகா. காது நுனிவரை சிவந்திருந்தது.

பாவம், இந்த மனுஷன் இவளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று நினைத்துக்கொண்டார் ஸர்தோர். ஆளை விட்டால் போதும் என்று சத்தமாகவே சொன்னார்.

"ஆரம்பத்துலயே காட்டினா பெரும்பாலும் மருந்துலயே சரியாயிடும். தள்ளிப் போட்டாத்தான் கத்தி வைக்க வேண்டி வரும். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லை. போதுமா?"

"போதும்" என்றாள் ஓப்பா. ஆமையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் பல்வானைக் கொஞ்சம் வெயில்ல காட்டுறேன். நீங்க கூடையை எடுத்துக்கிட்டு வாங்க."

அவள் போனதும் அகா கூடையை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"டாக்டர்... எங்க வீட்ல இன்னொரு ஆமை இருக்கு."

"அப்படியா? அதுக்கு என்ன?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். முக்குது. சொட்டுச் சொட்டாப் போகுது. மூணு மாசமா."

"மூணு மாசமா? வயசு என்ன?"

"அறுபத்திரெண்டு."

"உடனே கொண்டு வாங்க, அகா. ஒரு நாள்கூட..."

"கொண்டு வந்துட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எர்காஷ் அகா சுவரில் தொங்கிய பசு மாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸர்தோர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். தன்னோடு படித்தவனின் அண்ணன் ஒருவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். அவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில போயிடணும், அகா. நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான்."

அகா சீட்டை நாலாக மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார்.

"அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. ஆமைக்கே இந்தப் பாடு படுத்துறவ, எனக்குன்னா மயக்கம் போட்டே விழுந்துடுவா."

அவர் காரைக் கிளப்பப் போன மறு நிமிஷம், கதவு லேசாகத் திறந்தது. ஹோசியத் ஓப்பா தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். இத்தனை நேரம் கத்திய குரலா இது என்று தோன்றும்படி மெல்லக் கேட்டாள்.

"சீட்டு எழுதி வாங்கிட்டாரா, தம்பி?"

டாக்டர் அவளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

ஓப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பல்வானுக்கு ஒண்ணுமில்லைன்னு நேத்தே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிட்டார். மூணு மாசமா இவரோட உடம்பை டாக்டர்கிட்ட காட்டலாம், வாங்கன்னு இவர்கிட்ட கெஞ்சினேன், இவர் அசையலை. பல்வானுக்குக் காட்டணும்னு சொன்னதும்தான் கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார்."