பலகைக்கு அந்தப் பக்கம்

பலகைக்கு அடியில் இருந்த சந்து வழியாக ஒரு கை நீண்டது. சிறிய ஆரஞ்சுப் பழமொன்றை இந்தப் பக்கம் உருட்டிவிட்டு, தொளதொளத்த கம்பளிச் சட்டைக்குள் மறுபடி ஒளிந்துகொண்டது.

பெர்மெட் தனக்குள் சிரித்துக்கொண்டாள். காகிதத்தில் மடித்து வைத்திருந்த வால்நட் பருப்பைப் பதிலுக்குத் தள்ளினாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பருப்பை மெல்லும் சத்தம் கேட்டது.

பல்கலைக்கழக உணவகத்தில் தனியாகச் சாப்பிட வருகிறவர்களுக்கென்று போட்ட நீள மேசை அது. நடுவே முகத்தை மறைக்கிற உயரத்துக்குப் பலகை. எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாமலே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவர் எழுந்து போகும்போது எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

கிர்கிஸ்தானில் தொழிலாளர் நலத்துறை அதிகாரியாக இருந்தவள் பெர்மெட். பொதுக்கொள்கை படிக்க ஜப்பானுக்கு வந்த புதிதில் அந்தப் பலகையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அவள் ஊரில் வழியோடு போகிறவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்துவந்து சாப்பிட உட்கார வைப்பார்கள். இங்கே வகுப்பில் எல்லோரும் பணிவாகத் தலைகுனிந்தார்கள். வகுப்பு முடிந்ததும் ஒருவரையும் காணோம். காலையில் கிளம்பி, வாயே திறக்காமல் அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு.

ஊரிலிருந்து மகள் மீரிம் போனில் கேட்பாள்.

"இன்னிக்கு யாரோடம்மா சாப்பிட்ட?"

"ஒரு ஃப்ரெண்டோட."

"பேரு என்ன?"

"தெரியலடா."

அம்மா விளையாடுகிறாள் என்று மகள் சிரிப்பாள். பெர்மெட்டும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் கையை வைத்து அவளே ஓர் ஆளை மனதில் வரைந்து வைத்திருந்தாள். முதலாண்டு மாணவி. ஏதோ சின்ன ஊரிலிருந்து வந்தவள், நாலு பேர் நடுவில் பேசக் கூச்சப்படுகிறவள். பலகை மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ இருவரும் பேசிப் பழகியிருக்கலாம்.

அதற்கு ஒரு வழி தானாகவே வந்தது. வளாகத்தில் மாற்ற வேண்டிய ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பேசும்படி பேராசிரியை குராமோச்சி வகுப்பில் சொன்னார்.

குராமோச்சி சென்செய் என்றால், ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், மாணவர்களுக்கு நடுக்கம். அமைச்சகங்களில் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. மதிய மணி அடித்தால் போதும், தனக்காக ஒருவர் காத்திருப்பதாகச் சொல்லி, பாதிக் கேள்வியில்கூட நிற்காமல் கிளம்பிவிடுவார். அப்படிக் காத்திருக்கிற பெரிய மனிதர் யாராக இருக்கும் என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

பெர்மெட் உணவகப் பலகையைத்தான் எடுத்துக்கொண்டாள். அது தனிமைக்குத் தீர்வல்ல, தனிமையை வளர்க்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று வாதாடினாள். பல மாணவர்களிடம் கருத்தும் கேட்டிருந்தாள். வகுப்பே தலையாட்டியது. குராமோச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மேசையில சாப்பிடறவங்கள யாரையாவது கேட்டீங்களா, பெர்மெட் சான்?" எல்லோரையும் அப்படி 'சான்' சேர்த்து மரியாதையாகத்தான் அழைப்பார்.

"நானே அங்கதான் சாப்பிடறேன், சென்செய். எனக்கு எதிர்ல உக்கார்ற பொண்ணோட ஒரு வார்த்தை பேச முடியல. எல்லாம் அந்தப் பலகையாலதான்."

பேராசிரியை அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போலிருந்தது. பிறகு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார். வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் பெர்மெட்டுக்குத்தான் கிடைத்தது. அவளுடைய யோசனையை நிர்வாகமும் ஏற்றுக்கொண்டு, விடுமுறையில் பலகைகளைக் கழற்றிவிட்டது.

உணவகம் திறந்த அன்று பெர்மெட் நேரத்தோடே போய் உட்கார்ந்தாள். ஊரிலிருந்து கணவன் அனுப்பியிருந்த புது வால்நட்டை நிறையவே எடுத்துப் போயிருந்தாள். எதிர் நாற்காலிக்கு யாரும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. வேறு மாணவர்கள் தட்டோடு வருவார்கள், அவள் முகத்தைப் பார்த்தபடி சாப்பிட வேண்டுமென்று தெரிந்ததும் லேசாகத் தலைகுனிந்துவிட்டு ஜன்னலோரம் போய்விடுவார்கள். போகப்போக அந்த மேசையில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். முன்பெல்லாம் எதிர் நாற்காலி காலியாக இருந்தாலும் தெரியாது. இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் தெரிந்தது.

ஒரு மதியம் அவளுக்கு உணவகப் பக்கம் போகவே மனம் வரவில்லை. இந்நேரம் பேராசிரியை இருக்கமாட்டார் என்று தெரிந்தும், வரும்வரை காத்திருந்து பேசிவிடலாமென்று அவர் அறைக்கு மாடியேறினாள். கதவு ஒருக்களித்திருந்தது.

குராமோச்சி உள்ளேதான் இருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கடையில் வாங்கிய சோற்றுருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் பதறிப்போய் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

பெர்மெட் மன்னிப்புக் கேட்டாள். திரும்பிப் போகத்தான் நினைத்தாள், முடியவில்லை.

"அந்தப் பலகைய மறுபடி வைக்கச் சொல்லணும், சென்செய்."

"ஏன்? உங்க வாதம் சரியாத்தானே இருந்துச்சு."

"வாதம் சரிதான். ஆனா என் ஃப்ரெண்டு வர்றதே இல்ல. சின்னப் பொண்ணு, ரொம்பக் கூச்சம். இப்ப எங்க போய் உக்காந்து சாப்பிடுதோ." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

குராமோச்சி சோற்றுருண்டையை மேசைமேல் வைத்தார். அவள் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சின்னப் பொண்ணு இல்ல, பெர்மெட் சான். நான்தான்."