செவிட்டுக் கோயில்பிள்ளை

லிபின் ஏணி உச்சியில் நின்று புகை வந்தால் அலாரம் அடிக்கவைக்கும் பழைய கருவியைத் திருகிக் கழற்றிக்கொண்டே, இந்தக் கோயில் உத்தரமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து மரமா என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

பதில் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் கத்தவில்லை.

அவன் கட்டப்பனைக்காரன், அலாரம் மாட்ட வந்தவன். எனக்குக் காது கேட்காது என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சாந்தன்பாறையில் அது தெரியாத ஆள் அவன் ஒருவன்தான்.

இரண்டு வருடமாக ஊரே என்னிடம் கத்தித்தான் பேசுகிறது. வீட்டில் என் மனைவி பாக்கியத்தாய் சோறு போடட்டுமா என்று கேட்டால் ஏலக்காய் ஸ்டோர் வரைக்கும் கேட்கும். விடியற்காலையில் குருவிச் சத்தம் கேட்கிறதே என்பேன். அது வேறு, மணிச் சத்தம் வேறு என்பாள். டாக்டரிடம் காட்டலாம் என்றால், வயதானால் வருவதற்கெல்லாம் வைத்தியமா என்பாள்.

மணிச் சத்தம்தான் என் தலையெழுத்து.

இரண்டு வருடத்துக்கு முன் திருவிழா முடிந்த நாலாம் நாள் மதியம், பூசை உடுப்பு வைக்கும் அறையில் வயர் கருகித் தீப்பிடித்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையான நான் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தேன். அலாரம் ஐந்து நிமிடம் அடித்தும் நான் எழவில்லை என்றார்கள். எழுந்து ஓடியபோது அங்கிருந்த செபஸ்தியார் மரச் சுரூபம் பாதி கரியாகியிருந்தது.

முப்பத்தோரு வருடம் தினமும் நான் துடைத்த சுரூபம். என் காதுதான் அதை எரித்தது என்று நானே நம்பினேன்.

பங்குச் சாமியார் கோபப்படவில்லை. இனி ஓய்வெடும் என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த என் மகன் டின்டுவை வரவழைத்து, என் வேலையை அவனுக்கே கொடுத்தார். குடியிருந்த கோயில் வீடும் எங்களுக்கே நின்றது. எவ்வளவு பெரிய மனசு என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது கோயில் முழுக்கப் புது அலாரம் போடுகிறார்கள். டின்டு பாடகர் மாடியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். சாமியார் பீடத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வயர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

லிபின் கீழே இறங்கி, சுவரிலிருந்த பழைய அலாரம் பெட்டியைத் திறந்தான். மணி எப்போதெல்லாம் அடித்தது என்று அதற்குள்ளேயே பதிந்திருக்குமாம். ஒரு ஆசையில் தீப்பிடித்த தேதியைச் சொன்னேன். பொத்தானை அமுக்கி அமுக்கிப் படித்தான்.

“சேட்டா, அன்னைக்கு மணி அடிக்கவே இல்லியே. நாலு நாள் முன்னாடி யாரோ சாவி போட்டு ஆஃப் பண்ணியிருக்காங்க. பின்னே ஆன் பண்ணவே இல்ல.”

நாலு நாள் முன்னால் திருவிழாப் பூசை. தூபப் புகைக்கு அது கத்தும் என்று சாமியார்தான் அணைத்து வைப்பார். சாவி அவர் ஒருவரிடம்தான் உண்டு.

மறந்திருக்கிறார். மறதி யாருக்கும் வரும். பயந்துபோய் அதை மறைத்தார் என்றால்கூட நான் செரித்துக்கொள்வேன்.

ஆனால் மணி அடித்ததை வீட்டிலிருந்தே கேட்டேன், பாவம் அவருக்குத்தான் கேட்கவில்லை என்று தீயைப் பற்றி விசாரித்த பங்குப் பேரவை முன்னால் சிலுவையைத் தொட்டுச் சொன்னது சாமியார் இல்லை.

பாக்கியத்தாய். மகன் ஊர் வந்து சேரவேண்டும் என்று நாலு வருடம் நவநாள் செபம் செய்தவள்.



அந்த நேரம் பார்த்து அவளே டீத்தூக்குடன் உள்ளே வந்தாள். டீ குடிங்க என்று வழக்கம்போல என் காதருகே கத்தினாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். லிபினைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

என் பக்கம் லேசாகச் சாய்ந்து, உதடு அசைவதே தெரியாமல் சொன்னாள்.

“டின்டுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, டின்டு இருந்த மாடி வரைக்கும் எட்டும்படி சொன்னேன்.

“கேக்கல பாக்கியம். சத்தமாச் சொல்லு.”