சிவப்பு அம்பு

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி மானிட்டரில் பாதியை வெளிறடிக்கிறது. சித்ரகலா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத்தான் கம்பெனி வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் டேக் போடுகிறாள். தேடுபவர்கள் கண்ணில் படுவதற்கான அந்தச் சொற்களை அடிக்க, வெப்சைட்டில் புதிதாகச் சேர்த்த பிளக்இன் ஓரத்தில் சின்னக் கட்டத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. காட்டன், குழந்தை உடை, முழுக்கை, சேவ். மறுபடி காட்டன், குழந்தை உடை, அரைக்கை, சேவ். நூற்றுப் பதினெட்டு முடிந்திருக்கிறது. இன்னும் அதே அளவு கிடக்கிறது. கீழே ஓடும் தையல் மெஷின்களின் அதிர்வு தரை வழியாக ஏறி அவள் பாதத்தைத் தொடுகிறது. போன வருஷம் வரை அவளும் கீழேதான் இருந்தாள். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று, தையல் விட்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியவள். இப்போது திரையில் ஒரு நீலப் பனியன். அதன் தோளில் தையல் விட்டிருக்கிறது.

"ஏனுங்க, இந்தப் போட்டோவுல டேமேஜ் தெரியுதுங்க."

எதிர் மேஜையில் மேனேஜர் குழந்தைவேலு போனிலிருந்து நிமிரவில்லை. "அதையெல்லாம் ஆரு பாக்கறாங்க கண்ணு? சாயங்காலம் சரக்கு வாங்கற பையர் கேப்பாரு. தரம்னு ஒரு டேக் போட்டுட்டுப் போயிட்டே இரு."

அவள் கைப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் பழைய ஸ்டிக்கர் தாளைத் துழாவி எடுக்கிறாள். ஓர் அம்பை உரித்து, திரையில் அந்தத் தோளுக்கு நேராக ஒட்டுகிறாள். தரம் என்று அடித்து சேவ் கொடுக்கிறாள். பனியன் போய் அடுத்த பக்கம் வருகிறது. அம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 'எங்கள் நிர்வாகம்' என்ற தலைப்பின் கீழ் குழந்தைவேலு கைகட்டிச் சிரிக்கிறார். அம்பு அவர் கண்ணைக் காட்டுகிறது. சித்ரகலா கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு தரம் என்று அடித்து சேவ் கொடுக்கிறாள்.