முதல் கைதட்டு

பாட்டு முடிந்தது. நெட்டை கை தட்டவில்லை.

தட்டாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகும். அந்தக் கலை மையத்தில் அவளுக்கு வேலையே அதுதான்.

மண்டலக் கலை மையம் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருந்தது. சாயங்காலமானால் டிக்கெட் கிழிப்பது, இருக்கை காட்டுவது, விளக்குப் போடுவது எல்லாம் மாணவர்கள்தான். கூடவே, மேனேஜர் வாய்மொழியாகப் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு.

"நம்ம ஜனங்க யாராவது ஆரம்பிச்சாத்தான் தட்டுவாங்க. பாட்டு முடிஞ்சதும் பின்கதவுகிட்ட நின்னு நெட்டை ஆரம்பிக்கணும். அவளைப் பாத்து மத்த பசங்க நாலு மூலையிலேர்ந்தும் தட்டணும். அரங்கம் தானா சேர்ந்துக்கும்."

நெட்டை பேருக்கேற்ற உயரம். இருட்டிலும் தெரிவாள். கை தட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவள் தயவில் சுருதி விலகிய பாடகர்கள்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இன்று மேடையில் நின்றவள் வாயாடி. நெட்டையோடு அதே கதவில் டிக்கெட் கிழிக்கிறவள். விடுதியில் ஒரே அறை. வேலை பார்க்கும் மாணவர்களில் ஒருவருக்கு மேடை என்று மையம் அறிவித்தபோது இரண்டு பேருமே பாடிக் காட்டினார்கள். கிடைத்தது வாயாடிக்கு.

அதோடு விஷயம் முடியவில்லை. மையத்தின் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சபைக்குப் பிடித்துப்போனால் வாயாடிக்கு மாதம் ஒரு மேடை. பிடிக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு நெட்டைக்கு.

இப்போது புரிகிறதா, அவள் தட்டாதது எவ்வளவு பெரிய விஷயம் என்று?

வாயாடி கடைசி வரியைப் பாடி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாலு மூலையிலும் மாணவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நெட்டையையே பார்த்தார்கள். அவளோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நெட்டை, தட்டு!" ஹெட்செட்டில் கிசுகிசுத்தான் 'லைட்டு'. விளக்குகளைப் பார்த்துக்கொள்கிற மாணவன். அவன் இரண்டு கையும் சுவிட்சில் இருந்தன.

நெட்டை மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தூங்கிட்டியா? பாட்டு முடிஞ்சிடுச்சு!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நிக்கறே? அடிப்பாவி, இவ்வளவு பொறாமையா உனக்கு? ஒரே ரூம்ல இருக்கறவளுக்கேவா?"

நெட்டை ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து மேனேஜர் திரும்பி முறைத்தார். தானே ஆரம்பிக்கலாம் என்றால் பக்கத்தில் தலைவர். நம் பிள்ளைக்கு நாமே தட்டிக்கொண்ட கதையாகிவிடும். மனுஷன் நெளிந்தார்.

மேடையில் வாயாடியின் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

அப்போது நடுவரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஒரு பெண்மணி அழுதுகொண்டிருந்தாள். மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்ததைக்கூடப் பார்க்காமல் கை தட்ட ஆரம்பித்தாள். அவள் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை முழுக்க எழுந்தது. அப்புறம் யாரைப் பார்த்து யார் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. அரங்கமே அதிர்ந்தது.

"இன்னொரு பாட்டு! இன்னொரு பாட்டு!" என்று மாடியிலிருந்து குரல்.

வாயாடி இன்னொன்று பாடினாள். அதற்கும் சபை எழுந்து நின்றது. தலைவர் தானே மேடையேறி, மாதம் ஒரு மேடை உறுதி என்று அறிவித்துவிட்டுத்தான் இறங்கினார்.

திரைக்குப் பின்னால் நெட்டை மாட்டிக்கொண்டாள்.

"கை என்ன, சுளுக்கிக்கிச்சா?" மேனேஜர் பொரிந்தார். "நல்லவேளை, அந்தம்மா மானத்தைக் காப்பாத்தினாங்க. நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டாம்!"

"சரிங்க சார்."

"கூடவே இருந்து குழி பறிக்கறதுன்னா இதுதான்" என்றான் லைட்டு.

அதற்குள் வாயாடி ஓடி வந்தாள். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் கண் கலங்கியிருந்தது.

"தொண்டை கட்டினவனுக்கெல்லாம் தட்டினே. எனக்கு மட்டும் ஏன்டி தட்டலை?" என்று நெட்டையின் கைகளைப் பிடித்து உலுக்கினாள்.

உலுக்கியவள் குனிந்து பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் கன்றிச் சிவந்திருந்தன.

"தட்டாம இருப்பேனா? அந்தம்மா ஆரம்பிச்சதும் தட்டினேன். இன்னும் எரியுது."

"அதை முதல்லயே தட்டறதுக்கு என்ன? யாருமே தட்டாம போயிருந்தா?"

"உன் பாட்டுக்கா? தினம் ரூம்ல கேக்கறவ நான், எனக்குத் தெரியாதா?" நெட்டை சிரித்தாள். "லூசு, நீயும் என்கூடக் கதவுல நின்னு தட்டினவதானே? இன்னிக்கு நான் ஆரம்பிச்சு வச்சிருந்தா, சபை உன் பாட்டுக்குத் தட்டுச்சா, என் கையைப் பாத்துத் தட்டுச்சான்னு ஆயுசு முழுக்க உனக்குத் தெரியாமலே போயிருக்கும்டி!"