பாட்டு நின்ற இடம்

மதியழகன் விசிலை ஊதி, “பாட்டு நின்னுருச்சு, அவுட்டு” என்று கையைத் தூக்கியதும் மைதானமே எகிறியது.

பிரபுவின் விரல் நடுக்கோட்டில் இருந்தது. அவன் முதுகில் மூன்று பேர் கிடந்தார்கள். அந்தப் பாயிண்ட் கிடைத்திருந்தால் கோப்பை அவன் அணிக்கு. ஜெயிக்கிற அணியிலிருந்து ஒருவனை கபடி லீக் முகாமுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“கபடி கபடின்னு பாடிக்கிட்டேதான்ணே வந்தேன்” என்றான் பிரபு. அழுகை முட்டியது.

“வாய் அசஞ்சுச்சுப்பா. சத்தம் வரல.”

“இம்புட்டு இரைச்சல்ல உனக்கு மட்டும் எப்படிய்யா கேட்டுச்சு?” என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “லீக்ல நாலு ஆட்டம் ஆடிட்டா பெரிய இவனா? கூட்டாளி வீட்டுப் பையனுக்கே குழி பறிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?”

கூட்டாளி என்றது ஸ்டான்லியை. பிரபு அவருடைய அண்ணன் மகன். ஸ்டான்லி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே கைகலப்பே ஆகியிருக்கும். அவர் பையனின் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மற்றவர்களோடு பஸ் ஏற்றி அனுப்பினார்.

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மதியழகன் வழக்கம்போல ஸ்டான்லியின் பூ வேனில்தான் திரும்பினார். காலையில் ஏற்றி இறக்கிய மல்லிகை வாசம் வேனை விட்டு இன்னும் போகவில்லை. பாதி வழியில் மதியழகன்தான் ஆரம்பித்தார்.

“கோவமா மாப்ளே?”

“எதுக்கு? நீ சொன்னது சரிதான். பாட்டு நின்னுருச்சு.”

அப்பாடா என்றிருந்தது மதியழகனுக்கு. மனசு லேசாகிவிட்டால் அவருக்கு லீக் ஞாபகம் வந்துவிடும். மொத்தமே நாலு ஆட்டம். நாலாவதில் முழங்கால் போய், ஊருக்குத் திரும்பி, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தாயிற்று. ஆனாலும் அந்த நாலு ஆட்டம் இருக்கிறதே!

திண்டுக்கல் நாகல் நகரில் டீக்கடை டிவி முன்னால் ரோட்டை அடைத்து நின்றார்களாம். ஆட்டோக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டுப் பார்த்தார்களாம். இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களில் யாராவது, “அண்ணே, நீங்கதான அது?” என்று கேட்டுவிடுவார்கள். அதைக் கேட்கத்தான் இவர் கடையே திறக்கிறார் என்று மனைவி நாகஜோதி கேலி செய்வாள். கேலி என்ன கேலி, உண்மையே அதுதான்.

“எல்லாம் அந்த செலக்‌ஷன் மேட்ச்சுல வந்தது மாப்ளே” என்றார் மதியழகன். குரல் இளகியிருந்தது. “நீ எதிர் டீமு. இடுப்பக் கட்டி மேலயே விழுந்துட்ட. ஒன் பிடியில இருந்து கோட்டத் தொட்டவன் நான் ஒருத்தன்தான். அன்னைக்கு நான் அவுட்டாயிருந்தா நீதான லீக்குக்குப் போயிருப்ப?”

“ஆமா.”

“அதான் பிரபுவுக்கும் விட்டுக் குடுக்கல. எனக்கு மட்டும் ஆசையில்லையா, நம்ம பய டிவியில வரணும்னு? ஆனா நாலு ஆட்டம்னாலும் நான் சுத்தமா ஆடிப் போனவன். அவனும் அப்படித்தான் போகணும்.”

ஸ்டான்லி கியரை மாற்றினார்.

“என்ன மாப்ளே, பேச மாட்டேங்கிற? என் எடத்துல நீ இருந்தாலும் அவுட்டுன்னுதான சொல்லியிருப்ப?”

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார் ஸ்டான்லி.

“நான் சொல்லலையே மாப்ளே” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “செலக்‌ஷன் அன்னைக்கு, பாட்டு இருந்துச்சான்னு ஒன் மேல கெடந்த என்னையத்தான் அம்பயர் கேட்டாரு. இருந்துச்சுன்னேன். ஒனக்கும் வாய் மட்டுந்தான் அசஞ்சுச்சு.”