தள்ளி வைத்தவன்

விவாகரத்துக் கேட்டு வந்த கபாசோவை, அவன் மனைவி எஸ்நாத்தே சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவனால் பத்தடி நடக்க முடியாது. ஈரலில் புற்று.

கசாமா ஊர்க் கோர்ட் வாசலில் வேர்க்கடலை விற்றவள் காதுபடவே சொன்னாள்.

"மருந்து ஊட்டி, குளிப்பாட்டி விடறவளைத் தள்ளி வைக்க வந்திருக்கான் பாரு. சாவு எதிர்ல நிக்குது, புத்தி மட்டும் வரல."

எஸ்நாத் சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினாள். அவன் விவாகரத்துப் பேச்சை எடுத்ததிலிருந்து, ஒரு வாரமாகவே, அவள் அவனோடு பேசுவதில்லை. கஞ்சி மட்டும் வேளை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

உள்ளே நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இந்த வருஷ மழையைப் பார்க்க மாட்டேன்னுட்டார்."

"மழைக்கு இன்னும் ஆறு வாரம்தானே? அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?"

"ஆறு வாரம்தான் இருக்கு. அதனாலதான் அவசரமா வந்தேன்."

"இவங்க மேல என்ன குத்தம்?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

பதினாறு வருஷம். ரெண்டு பெண் குழந்தைகள். எஸ்நாத்துக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதாள்.

கபாசோ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

முன் பெஞ்சில் அவனுடைய அண்ணன் சிசாலா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சாட்சிக்கு அவனைக் கூப்பிட்டிருந்ததே கபாசோதான்.

"குடும்பத்துல நீங்கதான் மூத்தவரா? என்ன சொல்றீங்க?" என்று நீதிபதியம்மா அவனைக் கேட்டார்.

"நாங்க எப்பவோ விட்டுடச் சொன்னோம்மா. இனி அவ வழி அவளுக்கு. எங்களுக்கும் அவளுக்கும் எந்தப் பேச்சும் இல்ல."

"அதை எழுதிக்குங்கம்மா," என்றான் கபாசோ. "எங்க அண்ணன் கையெழுத்தோட."

சிசாலா சந்தோஷமாகவே போட்டான்.

"சரி. சொத்து?"

"தப்பு என்மேலதான். அதனால வீடு, மாவு மில், மாடு எல்லாம் அவளுக்கு."

சிசாலா எழுந்துவிட்டான். "மில்லா? அது எங்க குடும்பத்துக்கு வரவேண்டியது."

"மில் யார் வாங்கினது?"

"நானும் அவளும். கடலை வித்து, செங்கல் சுட்டு," என்றான் கபாசோ.

நீதிபதியம்மா சிசாலாவைப் பார்த்தார். "அவங்களோட எந்தப் பேச்சும் இல்லன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க? உட்காருங்க."

முத்திரை விழுந்தது. சிசாலா யாரையும் பார்க்காமல் வெளியேறினான்.

மரத்தடிக்கு வந்து அவனை உட்கார வைத்ததும் எஸ்நாத் காகிதத்தைக் கபாசோவின் மடியில் விட்டெறிந்தாள்.

"வீட்டைக் குடுத்து என்னை விரட்டியாச்சு. திருப்திதானே?"

அவன் மூச்சு வாங்கி முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"என் தம்பி செத்த மூணாம் நாள், அவன் பெண்டாட்டி எப்படிப் போனா?"

அவள் மறக்கவில்லை. உடுத்திய துணியோடும் கைக்குழந்தையோடும் போனாள். கூரைத் தகரத்தைக்கூடச் சிசாலா பிரித்து எடுத்துக்கொண்டான்.

"தம்பி உயில் எழுதி வச்சிருந்தான். அண்ணன் அதை அடுப்புல போட்டான். செத்தவன் கையெழுத்துக்கு யார் பயப்படறாங்க? அதான் நான் உசிரோட இருக்கறப்பவே போட்டுட்டேன். நாளைக்கு அண்ணன் வந்து நின்னா, நீ என் விதவை இல்ல. உன் சொந்த வீட்டு வாசல்ல நிக்கிறவ."

எஸ்நாத் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ அங்க அழுதிருக்க மாட்ட. உனக்கு நடிக்க வராது. நீ அழுததைப் பார்த்துத்தான் அண்ணனே நம்பினான்."

அவள் கையை நீட்டி அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

கபாசோ வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வீட்டுக்காரம்மா, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல ஒரு ரூம் வாடகைக்குக் கிடைக்குமா?"

எஸ்நாத் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"ஒரே ரூம்தான். அதுல ஏற்கெனவே நான் இருக்கேன். பரவாயில்லன்னா எழுந்திருங்க."